இரண்டு கியர் போதுமா?

எட்டு கியர், பத்து கியர் என்று புதிய கார்களுக்கு விளம்பரம் செய்கிறார்கள். ஆனால், அமெரிக்காவில் 'டிராக்' பந்தயம் ஓடும் பல கார்களில் இரண்டே கியர்கள்தாம் உள்ளன என்றால் நம்புவீர்களா? அந்தக் கியர்பெட்டியின் பெயர் பவர்கிளைடு. செவர்லே கார்களுக்காக 1950இல் அறிமுகமாகி, 1973இல் தயாரிப்பு நின்றுபோன தானியங்கிக் கியர்பெட்டி அது. பந்தயத் திடலில் மட்டும் அதற்கு இன்னும் ஓய்வு இல்லை.

டிராக் பந்தயம் எளிமையானது. இரண்டு கார்கள் நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, பொதுவாக 402 மீட்டர், அதாவது கால் மைல் தூரம் நேராக ஓடும். முதலில் கோட்டைத் தொடுவது வெல்லும். இதற்குக் கியர் கூடக் கூட நல்லது என்று பலர் வாதிடுவார்கள். நான் அதை ஏற்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே கியர்பெட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணக்கைச் செய்து பார்ப்போமா? பவர்கிளைடின் முதல் கியர் விகிதம் 1.76. மூன்று கியர் கொண்ட டர்போ 400 பெட்டியில் அது 2.48. இயந்திரத்தின் முறுக்கு விசை 500 நியூட்டன் மீட்டர், பின் அச்சின் விகிதம் 4, சக்கரத்தின் ஆரம் 0.35 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மற்ற இழப்புகளையும் பெருக்கங்களையும் இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம். இவற்றைப் பெருக்கி, ஆரத்தால் வகுத்தால், சக்கரம் தரையைத் தள்ளும் விசை கிடைக்கும். டர்போ 400இல் அது ஏறத்தாழ 14,200 நியூட்டன். பவர்கிளைடில் 10,100 நியூட்டன்.

மூன்று கியர்தான் வென்றது என்று அவசரப்படாதீர்கள். டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு 8,000 நியூட்டன்தான் தாங்கும் என்றால்? இரண்டு கார்களிலுமே சக்கரம் வழுக்கிச் சுழலும். கூடுதல் விசை புகையாகத்தான் போகும். அந்த நிலையில், எடை குறைந்த, ஒரே முறை கியர் மாற்றினால் போதுமான பவர்கிளைடே மேல்.

இப்போது இயந்திரத்தைப் பாதியாக்குங்கள். 250 நியூட்டன் மீட்டருக்கு விசை முறையே 7,100, 5,000 நியூட்டன். இரண்டும் உராய்வின் எல்லைக்குள் அடங்கிவிட்டன. இம்முறை மூன்று கியர் கார்தான் முந்திப் புறப்படும். சாலையும் டயரும் அதேதான். விடை மட்டும் தலைகீழாகிவிட்டது!

எட்டு கியரும் வெல்லாதா என்று கேட்கலாம். வெல்லும். 2018ஆம் ஆண்டின் டாட்ஜ் டீமன் எட்டு கியர் கொண்ட கார். கால் மைலை 9.65 விநாடியில் கடந்தது. ஆனால், அது ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ள, அன்றாடச் சாலையிலும் ஓட வேண்டிய கார். அதன் தேவை வேறு.

வேகத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்றும் உண்டு: பெட்டி அந்த விசையைத் தாங்குமா? 1970 மார்ச் 8ஆம் தேதி, கலிஃபோர்னியாவின் லயன்ஸ் திடலில் டான் கார்லிட்ஸின் காரில் கியர்பெட்டி வெடித்தது. கார் இரண்டாகப் பிளந்தது. இயந்திரத்துக்குப் பின்னால் அமர்ந்திருந்த அவர், வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். அவர் பந்தயத்தை விடவில்லை. இயந்திரத்தை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துப் புதிய காரைக் கட்டினார். 1971இல் அதை ஓட்டி வென்றும் காட்டினார். அந்த அமைப்பே அவ்வகைப் பந்தயக் கார்களில் வழக்கமாகிவிட்டது.

ஆகவே, முதலில் பெட்டி தாங்குமா என்று கேளுங்கள். பிறகு டயர் எவ்வளவு விசையைத் தரைக்குக் கொடுக்கும் என்று கணக்கிடுங்கள். கியர் எத்தனை என்பது கடைசிக் கேள்வி. விளம்பரம் அதைத்தான் முதலில் சொல்லும். இயற்பியல் படிக்கும் நீங்கள் அந்த வரிசையை மாற்றிப் போடலாமே!