தோட்டப் புத்தகம் வாங்கப் போகிறீர்களா?

வீட்டில் தோட்டம் போட வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. கொல்லையில் நாலு கத்தரி, நாலு வெண்டை, வேலியில் ஓர் அவரைக்கொடி. கொல்லை இல்லாதவர்கள் மொட்டைமாடியில் தொட்டி வைக்கிறார்கள்.

ஆசை வந்ததும் என்ன செய்கிறார்கள்? புத்தகக் கடைக்குப் போகிறார்கள்.

கடையில் தோட்டப் புத்தகங்கள் வரிசையாக நிற்கின்றன. வழவழப்பான தாள். அட்டையில் தக்காளி கொத்துக்கொத்தாகத் தொங்குகிறது. எது தடியாக இருக்கிறதோ, எதில் படம் அழகாக இருக்கிறதோ, அதை வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

அப்படி வாங்கக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

கதைப் புத்தகம் பிடிக்காவிட்டால் மூடி வைத்துவிடலாம். நஷ்டம் புத்தகத்தின் விலையோடு போயிற்று. தோட்டப் புத்தகம் அப்படி அல்ல. அது சொன்னபடி விதை வாங்குகிறோம். எரு வாங்குகிறோம். 3 மாதம் தண்ணீர் ஊற்றுகிறோம். பிள்ளைகள் தினமும் காலையில் எழுந்து காய் வந்ததா என்று பார்க்கிறார்கள். வரவில்லை என்றால்?

இன்னும் ஒன்று. வயதான பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட தாய்மார்கள் நம் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஆசையோடு வாங்கும் முதல் புத்தகம் சமையல் புத்தகமாக இருக்கும். அல்லது தோட்டப் புத்தகமாக இருக்கும். அது ஏமாற்றிவிட்டால், "புத்தகத்தில் போட்டிருப்பதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று ஒரேயடியாக மூடி வைத்துவிடுவார்கள். பிறகு எந்தப் புத்தகத்தையும் நம்ப மாட்டார்கள். இந்த நஷ்டத்தை எப்படிக் கணக்குப் போடுவது?

எந்த ஊர்ப் புத்தகம்?

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இதை எழுதியவர் எந்த ஊர் மண்ணில் செடி வளர்த்தார்?

இங்கிலாந்தில் எழுதிய புத்தகங்கள் பார்க்க அழகாக இருக்கும். அவற்றைப் பார்த்துத் தமிழில் எழுதிய புத்தகங்களும் உண்டு. அங்கே சரியாக இருப்பது இங்கே தலைகீழாகிவிடும்.

வெங்காயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெங்காயச் செடி பகல் பொழுதின் நீளத்தைப் பார்த்துத்தான் வெங்காயம் வைக்கிறது. லண்டனில் ஜூன் மாதம் பகல் 16½ மணி நேரத்துக்கு மேல் நீளும். சென்னையில் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தை எட்டாது. அந்த ஊர் ரக விதையை வாங்கி இங்கே போட்டால், தாள் செழித்து வளரும். அடியில் வெங்காயம் திரளாது. "எரு போதவில்லையோ?" என்று மேலும் எரு போடுவீர்கள். எரு என்ன செய்யும்? பகல் நீளவில்லையே!

அடுத்து சுண்ணாம்பு. "மண்ணில் சுண்ணாம்பு கலக்கவும்" என்று அந்தப் புத்தகங்களில் அடிக்கடி வரும். மழை அதிகமான ஊர்களில் மண் புளித்துவிடும். அதற்குச் சுண்ணாம்பு மருந்து. நம் நீலகிரியில் அந்த யோசனை பொருந்தும். ஆனால் நம் சமவெளியில் பல இடங்களில் மண்ணில் ஏற்கெனவே சுண்ணாம்பும் காரமும் அதிகம். அங்கே மேலும் சுண்ணாம்பு போட்டால் இலை மஞ்சளித்துப் போகும்.

வெயில் விஷயமும் அப்படித்தான். "தெற்குப் பார்த்த சுவர் ஓரம் செடி வையுங்கள், வெயில் நன்றாகக் கிடைக்கும்" என்பார்கள். சென்னையில் ஏப்ரல் கடைசியில் இருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை உச்சி வேளைச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது! சந்தேகம் இருந்தால் நட்டுவைத்த குச்சியின் நிழலைப் பாருங்கள். நமக்கு வெயில் கிடைப்பது கஷ்டம் அல்ல. சித்திரை வெயிலில் இருந்து நாற்றைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். அதைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இருக்காது.

வடக்கும் தெற்கும்

"சரி, இந்தியாவில் எழுதிய புத்தகத்தை வாங்கினால் போதுமா?" என்று கேட்பீர்கள். போதாது.

இங்கிலாந்துப் புத்தகம் இங்கே உதவாது என்பதை வெள்ளைக்காரர்களே தெரிந்துகொண்டார்கள். பிர்மிங்கர் என்ற பாதிரியார் 1860களில் ஒரு தோட்டப் புத்தகம் எழுதி, கல்கத்தாவில் வெளியிட்டார். பெரிய புத்தகம். பேர் பெற்ற புத்தகம். ஆனால் அது வங்காளத்துக்கும் வடநாட்டுக்கும் எழுதியது.

வடநாட்டில் மழை ஜூனில் தொடங்கி செப்டம்பரில் முடிந்துவிடும். அக்டோபரில் வானம் தெளியும். அப்போது காய்கறி விதைப்பார்கள். சென்னையிலும், கடலூரிலும், நாகப்பட்டினத்திலும் என்ன நிலை? அக்டோபர், நவம்பரில்தான் கொட்டு கொட்டென்று கொட்டும். டெல்லிக்காரர் சொன்ன மாதத்தில் இங்கே விதை தூவினால், விதை தெருவோடு போய்விடும்.

பெங்களூரில் எழுதிய புத்தகங்களும் கடையில் உண்டு. பெங்களூர் பக்கத்து ஊர்தானே என்று நினைக்கக் கூடாது. அது கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே குளுகுளு காற்றில் வளரும் பூச்செடி, மதுரைச் சித்திரையில் என்ன பாடுபடும்!

ஆகவே ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்ற பேச்சு புத்தகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். "வசந்த காலத்தில் விதைக்கவும்" என்று இருந்தால், அந்த இடத்திலேயே புத்தகத்தைத் திருப்பி வைத்துவிடலாம்.

பெயர் மாறாட்டம்

மொழிபெயர்ப்பில் இன்னொரு தொல்லை. 'ஸ்பினாச்' என்ற கீரையைப் பசலை என்று எழுதிவிடுகிறார்கள். அது வேறு செடி. இது வேறு செடி. ஸ்பினாச் குளிரில் வளர்வது. நம் கொடிப்பசலை வெயிலில் தழைப்பது. ஒன்றுக்குச் சொன்ன பக்குவம் மற்றதற்கு ஆகுமா?

நம் ஊர்களுக்குள்ளேயே பெயர் மாறுகிறது. ஓர் ஊரில் மணத்தக்காளி. இன்னோர் ஊரில் மிளகுதக்காளி. ஆகையால் தமிழ்ப் பெயரோடு தாவரவியல் பெயரும் போட்டிருக்கும் புத்தகம் நல்லது. உங்களுக்கு அது புரியாவிட்டாலும், கல்லூரியில் படிக்கும் மகன் பார்த்துச் சொல்வான்.

கடையிலேயே சோதியுங்கள்

நல்ல புத்தகமா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முன்னுரையைப் படிக்காதீர்கள். (சில புத்தகங்களில் வாழ்த்துரைகளே 10 பக்கம்! வாழ்த்தியவர்களில் எத்தனை பேர் வெண்டை பயிரிட்டார்களோ!) உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு செடியின் பக்கத்தைத் திருப்புங்கள்.

முருங்கையைத் திருப்பிப் பாருங்கள். மரமுருங்கையைக் கிளை வெட்டி நடுவார்கள். செடிமுருங்கையை விதை போட்டு வளர்ப்பார்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 என்பது செடிமுருங்கை. இந்த வித்தியாசத்தைப் புத்தகம் சொல்கிறதா? மழைக்காலத்தில் தண்டில் கம்பளிப்பூச்சி கூட்டமாக அப்பிக்கொள்ளுமே, அதைச் சொல்கிறதா? கம்பளிப்பூச்சியைப் பற்றிப் பேசாமல் முருங்கையைப் பற்றி எழுதியவர், முருங்கை மரத்தடியில் நின்றவர் அல்ல.

பரங்கிக்கொடியின் பக்கத்தையும் பாருங்கள். கொடியில் முதலில் பூக்கும் பூவெல்லாம் உதிர்ந்துவிடும். "ஐயோ, கொடிக்கு என்னமோ நோய்!" என்று வீட்டில் பதறுவார்கள். நோய் இல்லை. முதலில் வருவது ஆண் பூ. அது உதிரத்தான் செய்யும். பிறகு வரும் பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒன்று இருக்கும். தேனீ வராத மாடியாக இருந்தால், காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவிவிட வேண்டும். இவ்வளவையும் எழுதியிருக்கும் புத்தகத்தை நம்பி வாங்கலாம்.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழுத்த தக்காளியின் படம் எதற்கு? தக்காளி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? இலை சுருண்டால் எப்படி இருக்கும், மாவுப்பூச்சி எப்படி இருக்கும், காய்க்குள் புழு எந்த வழியாகப் போகும்? இந்தப் படங்கள்தான் வேண்டும். அழகில்லாத படம் நிறைய உள்ள புத்தகம் உபயோகமான புத்தகம்!

கணக்கு எந்த அளவில்?

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இருந்து வரும் கையேடுகளில் விஷயம் சுத்தமாக இருக்கும். நம் ஊர் ரகங்கள், நம் ஊர்ப் பட்டம் எல்லாம் இருக்கும். ஆனால் அவை விவசாயிகளுக்கு எழுதியவை. "எக்டேருக்குத் தொழு உரம் 25 டன்" என்று போட்டிருப்பார்கள். இரண்டு தொட்டி வைத்திருக்கும் அம்மா மிரண்டுபோவார்.

மிரள வேண்டாம். ஓர் எக்டேர் என்பது 10 ஆயிரம் சதுர மீட்டர். 25 டன் என்பது 25 ஆயிரம் கிலோ. ஆகவே சதுர மீட்டருக்கு 2½ கிலோ. 4 அடி நீளம், 2½ அடி அகலம் உள்ள சின்னப் பாத்திக்கு ஏறக்குறைய 2¼ கிலோ தொழு உரம். வீட்டில் கணக்குப் போடும் பிள்ளை ஒன்று இருந்தால், பெரிய கையேட்டையும் துணிந்து வாங்கலாம். இல்லாவிட்டால் பாத்திக் கணக்கிலும், தொட்டிக் கணக்கிலும் எழுதியதை வாங்குங்கள்.

மாடித் தோட்டப் புத்தகமாக இருந்தால், கனத்தைப் பற்றிப் பேசுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒரு கன அடி ஈரமண் சுமார் 50 கிலோ இருக்கும். 10 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி ஆழம் மண் கொட்டினால் 2 டன்! பழைய வீட்டு மாடி தாங்குமா? பூவும் காயும் படம் போட்டுவிட்டு, இதை மட்டும் சொல்லாமல் விடும் புத்தகங்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. தென்னைநார்க் கழிவு கலந்து கனத்தைக் குறைக்கலாம், சுவர் ஓரமாகவும் தூணுக்கு மேலாகவும் தொட்டி வைக்கலாம், கட்டடம் தெரிந்தவரைக் கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்ல எவ்வளவு இடம் ஆகும்? அரைப் பக்கம்.

பழைய புத்தகத்தில் விஷம்

நடைபாதைக் கடைகளில் பழைய தோட்டப் புத்தகங்கள் மலிவாகக் கிடைக்கும். அச்சும் நன்றாக இருக்கும். தமிழும் நன்றாக இருக்கும். வாங்கலாம். ஆனால் பூச்சி மருந்துப் பகுதிக்கு வரும்போது ஜாக்கிரதை!

1950, 60களில் டி.டி.டி., பி.எச்.சி. தூள்களை முகத்துக்கு மாவு பூசுவதுபோலச் செடிக்குத் தூவச் சொன்னார்கள். அப்போது அதன் கேடு பலருக்குத் தெரியாது. இந்தியாவில் பயிருக்கு டி.டி.டி. போடுவது 1989ல் தடை செய்யப்பட்டது. பி.எச்.சி.க்கு 1997ல் தடை வந்தது. எண்டோசல்பானை 2011ல் சுப்ரீம் கோர்ட்டு தடுத்தது. புத்தகம் மட்டும் இன்னும் "தூவுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது! பழைய புத்தகம் வாங்கினால் அந்தப் பக்கங்களின் மேல் பெரிதாகக் கோடு போட்டுவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது படித்துவிட்டு, பெயர் தெரியாத தூளைத் தேடிப் போகக் கூடாது.

புதிய புத்தகத்திலும் இரண்டு விஷயம் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி? தெளித்த பிறகு எத்தனை நாள் காய் பறிக்கக் கூடாது? "சிறிதளவு கலந்து தெளிக்கவும்" என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். ரசத்துக்குப் பெருங்காயம் போடுவதற்குத்தான் சிறிதளவு என்று சொல்லலாம்.

இயற்கை விவசாயத்தில் ஆசை உள்ளவர்கள் ஜப்பானியர் புகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யைத் தேடுகிறார்கள். 1975ல் ஜப்பானில் வந்த புத்தகம். தமிழிலும் கிடைக்கிறது. படிக்க வேண்டிய புத்தகம்தான். ஆனால் அவர் நெல்லும் ஆரஞ்சும் பயிரிட்டவர். உங்கள் கத்தரியில் புழு வந்த அன்று அதைப் புரட்டினால் பதில் கிடைக்காது. மனசுக்கு ஒரு புத்தகம், மண்வெட்டிக்கு ஒரு புத்தகம் என்று இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

காசு இல்லாமல் பார்க்க

வாங்குவதற்கு முன் நூலகத்தில் கேளுங்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில்தான் 1948ல் வந்தது. அதன் பலனாகக் கிளை நூலகங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். அதைப் பார்த்துக் கீரை ஒன்றை விதையுங்கள். கீரைதான் சீக்கிரம் பதில் சொல்லும். புத்தகம் சொன்னபடி முளைத்து வந்தால், பிறகு கடைக்குப் போய்ச் சொந்தமாக ஒரு பிரதி வாங்கிக்கொள்ளலாம்.

மாவட்டங்களில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையங்களிலும் விசாரியுங்கள். நாட்டின் முதல் நிலையம் 1974ல் புதுச்சேரியில் தொடங்கியது. இப்போது பெரும்பாலான மாவட்டங்களில் உண்டு. அங்கே சிறு வெளியீடுகள் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மெலிந்த தாள், கறுப்பு அச்சு என்று ஒதுக்காதீர்கள்.

சொந்தப் புத்தகம் வந்ததும் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டுங்கள். கூடவே ஒரு பென்சிலைக் கட்டி விடுங்கள். விதைத்த தேதி, முளைத்த தேதி, முதல் காய் பறித்த தேதி மூன்றையும் அந்தந்தச் செடியின் பக்கத்து ஓரத்தில் எழுதுங்கள். புத்தகம் 45 நாள் என்று சொல்லி, உங்கள் வீட்டில் 55 நாள் ஆனால், 45ஐ அடித்துவிட்டு 55 என்று போடுங்கள்.