யாருக்கும் வேண்டாத எந்திரம்

தாமஸ் ஆல்வா எடிசன் முதன்முதலில் காப்புரிமை பெற்றது ஓட்டுப் பதிவு செய்யும் ஒரு கருவிக்கு. 1869 ஜூன் 1இல் அது கிடைத்தபோது அவருக்கு வயது 22. சட்டமன்ற உறுப்பினர் இருந்த இடத்திலிருந்தே விசையை நகர்த்தினால் போதும்; ஆதரவும் எதிர்ப்பும் தனித்தனியாகப் பதிவாகி, கூட்டுத்தொகையும் தெரிந்துவிடும். வாஷிங்டனில் செய்து காட்டப்பட்டது. கருவி பிரமாதமாக வேலை செய்தது. அதுதான் வினையாகிப்போனது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஓட்டெடுக்கும் நேரத்தில்தானே பேரம் பேச முடியும், ஆள் சேர்க்க முடியும்? அந்த அவகாசத்தைப் பறிக்கும் கருவி எந்த அரசியல்வாதிக்கு வேண்டும்? யாரும் வாங்காத பொருளை இனிக் கண்டுபிடிப்பதில்லை என்று எடிசன் முடிவுகட்டினார்.

நூறாண்டுக்குப் பின் இந்தியாவிலும் ஓர் ஓட்டு எந்திரம் கிட்டத்தட்ட அதே கதியை அடைய இருந்தது. ஹைதராபாத்தின் ஏ.எஸ்.ராவ் நகருக்குப் பெயர் தந்தவர் அய்யகாரி சாம்பசிவ ராவ். பக்கத்திலேயே இருக்கும் இ.சி.ஐ.எல். எனும் பொதுத்துறை மின்னணு நிறுவனம் 1967இல் உருவாகக் காரணமானவர். இந்த நிறுவனத்திடம்தான் 1977இல் தேர்தல் ஆணையம் ஓட்டு எந்திரம் கேட்டது. 1979இல் மாதிரி தயார். 1980 ஆகஸ்ட் 6இல் கட்சிகளுக்குச் செய்து காட்டினார்கள். பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸும் களத்தில் இறங்கியது. அங்கே இந்தப் பணியில் பங்காற்றிய எஸ்.ரங்கராஜனைத் தமிழ் வாசகர்களுக்கு சுஜாதாவாகத் தெரியும்.

முதல் பரீட்சை 1982 மே 19இல், கேரளத்தின் பரவூர் தொகுதியில். 50 வாக்குச்சாவடிகளில் எந்திரம். எந்திரமே கூடாது என்று தேர்தலுக்கு முன் உயர் நீதிமன்றம் போனவர் இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை. நீதிமன்றம் தலையிடவில்லை. ஓட்டு எண்ணினால், 123 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவரும் அவரே! இப்போது எந்திரத்தை எதிர்த்து வழக்குப் போடுவது தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி.ஜோஸின் முறை. சட்டத்தில் எந்திரத்துக்கு இடமில்லை என்று 1984 மார்ச் 5இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த 50 சாவடிகளிலும் சீட்டு முறையில் மறுவாக்குப்பதிவு. ஜோஸ் ஜெயித்தார்.

1988 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டது. 1989-90இல் ஒன்றரை லட்சம் எந்திரங்கள் தயாராயின. ஆனாலும் 1998 நவம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லியில் 16 தொகுதிகளுக்குப் போகும்வரை அவை சும்மாவே கிடந்தன. அரசாங்கப் பணத்தில் செய்த வேண்டாத பொருள் என்று அன்று யாராவது கேலி செய்திருந்தால் மறுத்திருக்க முடியாது.

கேலிக்கு வேறு காரணமும் இருந்தது. 1996இல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் எதிர்ப்பைக் காட்டக் கூட்டம் கூட்டமாக மனுத்தாக்கல் செய்ய, களத்தில் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டு புத்தகமாகிவிட்டது. அன்றைய எந்திரமோ 64 பேருக்கு மேல் தாங்காது. 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் விவசாயிகள் அதே வழியில் போனார்கள். 185 வேட்பாளர்கள். அதற்குள் எந்திரம் வளர்ந்திருந்தது. 12 வாக்குப்பதிவுப் பெட்டிகளை வரிசையாக இணைத்துத் தேர்தலை நடத்தி முடித்தார்கள்.

2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க எந்திரம் வந்தது. சந்தேகமும் கூடவே வந்தது. அழித்த காகிதத்தையே மறுபடி துணைக்கு அழைக்க வேண்டியதாயிற்று. போட்ட ஓட்டு ஒரு சீட்டில் அச்சாகி, 7 விநாடி கண்ணாடி வழியே தெரிந்து, பெட்டிக்குள் விழும் ஏற்பாடு 2019 பொதுத்தேர்தலில் எல்லாச் சாவடிகளுக்கும் வந்தது. பழைய சீட்டு முறைக்கே திரும்ப வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26இல் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது.

மாவரைக்கும் எந்திரம் மாவரைத்தால் போதும். ஓட்டு எந்திரத்துக்குச் சரியாக எண்ணுவது பாதி வேலைதான். ஜெயித்தவர் எந்த எந்திரத்தையும் குறை சொல்லப்போவதில்லை. 123 ஓட்டில் தோற்றவரும், எண்ணிக்கை சரிதான் என்று ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். அந்த மீதிப் பாதியை எந்தத் தொழிற்சாலையாலும் செய்து தர முடியாது.