தனித்தொகுதியும் நம் புதிய சகோதரர்களும்

சங்கரன்கோவில் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. இங்குள்ள தலித் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவினால் வாக்களிக்கலாம், போட்டியிட முடியாது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை அப்படி. 1956இல் சீக்கியருக்காகவும் 1990இல் பௌத்தருக்காகவும் அதைத் திருத்தினார்கள். நமக்கும் கிறிஸ்தவர்களுக்கும் மட்டும் கதவு திறக்கவில்லை.

1981இல் நாடே பேசிய மீனாட்சிபுரமும் இதே தென்காசி மாவட்டம்தான். கலிமா சொன்னதால் எவருக்கும் கூலியோ நிலமோ கூடிவிடுவதில்லை. ஆனால் 18 சதவீத ஒதுக்கீடு போய்விடுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போய்விடுகிறது.

2007இல் கலைஞர் அரசு தந்த 3.5 சதவீத உள் ஒதுக்கீடாவது கிடைத்ததா? அது லெப்பை, தக்கனி, தூதேகுலா என ஏழு பிரிவினருக்கானது. புதிதாக வந்தவரைப் பொதுப்பிரிவில் தள்ளினார்கள். ஏழைக்கு இதைவிட என்ன அநீதி வேண்டும்?

2024 மார்ச்சில்தான் அவர்களையும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாகக் கருதத் தமிழக அரசு ஆணையிட்டது. வரவேற்கிறோம். ஆனால் தினக்கூலியை விட்டுவிட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை நாள் அலைய முடியும்? நம் ஜமாஅத்கள் கூடவே போக வேண்டிய இடம் அது.

பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு முடிச்சுப் போடக் கூடாது என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே சொல்லிவிட்டது. ஒன்றிய அரசு அதை ஏற்காமல், 2022இல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தது.