பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர்

குடும்ப வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் தந்தை வழியையே பின்பற்றிச் செல்கின்றனர். கொள்ளுப் பாட்டியின் பெற்றோர் யாவர் என வினவினால் நம்மில் பலருக்கு விடை தெரியாது. இவ்விஷயத்தில் ஸ்காட்லாந்து நாட்டின் பழைய வழக்கம் ஒன்று நம் சிந்தனைக்குரியது.

16, 17-ஆம் நூற்றாண்டுகளில் அந்நாட்டுப் பெண்கள் விவாகத்திற்குப் பின்னும் பிறந்த வீட்டுப் பெயரையே கொண்டிருந்தனர். மரண சாசனத்திலும் நிலப் பத்திரத்திலும் அப்பெயரே, 'இன்னாருடைய மனைவி' என்ற குறிப்புடன் காணப்படும்.

எஸ்தர் இங்கிலிஸ் என்னும் மாதரசியை எடுத்துக்கொள்வோம். 1571 வாக்கில் பிறந்து, 1624-ல் எடின்பரோ நகரில் இறந்தவர் இவர். அழகிய நுண்ணெழுத்தில் இவர் தம் கையால் எழுதிய ஏறக்குறைய 60 நூல்கள் இன்றும் உள்ளன. 1596 வாக்கில் பார்த்தலோமியோ கெல்லோ என்பவரை மணந்த பின்பும், நூல்களில் தம் பிறந்த வீட்டுப் பெயரையே இட்டு வந்தார். அப்பெயரைப் பற்றிச் சென்றால் தந்தை நிக்கோலா லாங்லுவாவைக் காண்கிறோம். சீர்திருத்த சபையைச் சேர்ந்த அவர், பிரான்ஸில் நேர்ந்த துன்பங்களால் அகதியாக வந்து, எடின்பரோவில் பிரெஞ்சுப் பள்ளி நடத்தினார். பிரெஞ்சு மொழியில் 'லாங்லுவா' என்பதற்கும் ஸ்காட்லாந்து வழக்கில் 'இங்கிலிஸ்' என்பதற்கும் 'ஆங்கிலேயன்' என்பதே பொருள். ஆகவே இக்குடும்பத்தை ஆராய்வோர் இரு பெயர்களிலும் தேட வேண்டும். தாயார் மரீ பிரெசோ எழுத்துக் கலையில் வல்லவர். மகளுக்கு அதைக் கற்பித்தவரும் அவரே.

நூல் எழுதாத சாதாரணப் பெண்களின் நிலை என்ன? அவர்களுக்குக் கோயில் பதிவேடுகளே துணை. ஞானஸ்நானங்களையும் விவாக ஓலைகளையும் பங்குதோறும் எழுதி வைக்குமாறு 1552-ல் ஸ்காட்லாந்துக் கத்தோலிக்கத் திருச்சபையின் சங்கம் கட்டளையிட்டது. எரல் என்னும் பங்கில் 1553-ல் தொடங்கிய ஏடே எஞ்சியவற்றுள் மிகப் பழமையானது. 1560-ல் அந்நாடு உரோமையை விட்டுப் பிரிந்த பின்னும் இவ்வழக்கம் நிலைத்தது. ஆயினும் பல ஏடுகள் அழிந்துபோயின. சிலவற்றில் குழந்தையின் தந்தை பெயர் மட்டுமே உண்டு. அவ்விடங்களில், பிள்ளையைப் பெற்றவள் எக்குடும்பத்தவள் என்பதை அறிய மரண சாசனங்களையே நாட வேண்டியிருக்கிறது. அதுவும் இல்லையேல் தேடல் அங்கேயே நின்றுவிடும்.

எழுதுவோர் ஒரு வரியை விட்டதனால் ஒரு தாயின் வம்சமே மறைந்துபோகிறது. ஆதலால் நம் இல்லத்து முதியோர் நம்முடன் இருக்கும்போதே, பாட்டிமாரின் பெயரையும், அவர்தம் பெற்றோர் பெயரையும், பிறந்த ஊரையும் கேட்டு எழுதி வைப்போமாக.