சென்னைக்கு வேலைக்கு வருவோருக்குக் கட்டுப்படியாகும் வாடகை வீடு: கோரிக்கை மனு

பெறுநர்: அரசு முதன்மைச் செயலாளர், வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை, தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: வெளியூர்களிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வருவோரின் வாடகைக் குடியிருப்பு – அட்வான்ஸ் தொகைக்கு உச்சவரம்பு, ஒப்பந்தப் பதிவு, அரசு வாடகைக் குடியிருப்புகள் – வாடகைதாரர் சங்கத்தின் கோரிக்கைகள்.

சென்னையில் வேலை கிடைத்து வருபவர் மாத வாடகையைச் சம்பளத்திலிருந்து எப்படியாவது கட்டிவிடுகிறார். வீட்டுச் சாவியை வாங்கும் நாளில் மொத்தமாகக் கொடுக்க வேண்டிய தொகைதான் அவரை முடக்குகிறது. மாதம் 25,000 ரூபாய் சம்பளத்தில் சேரும் ஒருவர் 12,000 ரூபாய் வாடகையில் ஒற்றைப் படுக்கையறை வீடு பிடிப்பதாகக் கொள்ளலாம். நகரில் நெடுங்காலமாக இருந்துவரும் பத்து மாத அட்வான்ஸ் வழக்கப்படி 1,20,000 ரூபாய், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 12,000 ரூபாய், முதல் மாத வாடகை 12,000 ரூபாய் என மொத்தம் 1,44,000 ரூபாயை, முதல் சம்பளம் கைக்கு வருமுன்பே அவர் எண்ணி வைக்க வேண்டும். இது ஏறக்குறைய ஆறு மாதச் சம்பளம். ஆறு மாத அட்வான்ஸுக்கு இறங்கிவரும் உரிமையாளர்களும் இருக்கிறார்கள். அங்கும் தொகை 96,000 ரூபாய் ஆகிறது. ஊரில் நகையை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோதான் பெரும்பாலோர் இதைத் திரட்டுகிறார்கள். திரட்ட முடியாதவர்கள் ஓர் அறையில் நான்கு பேர், ஆறு பேர் என ஷேரிங்கில் ஒண்டுகிறார்கள், அல்லது கிடைத்த வேலையை விட்டுவிடுகிறார்கள். விழுப்புரத்திலோ சிவகங்கையிலோ படித்து முடித்த இளைஞருக்குச் சென்னை எட்டாமல் போவதற்குத் திறமைக் குறைவு காரணமில்லை என்பதை அரசு முதலில் ஏற்க வேண்டும்.

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம், 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 11ஆவது பிரிவு, மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை கேட்பது சட்டத்துக்குப் புறம்பானது என்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. படித்துப் பார்ப்பவருக்கு நிம்மதி தரும் பிரிவுதான். ஆனால் அதே பிரிவு, 'மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி' என்ற விலக்கோடு தொடங்குகிறது. உரிமையாளர் ஒப்பந்தத்தில் பத்து மாதம் என்று எழுதி, வீடு தேவைப்படுபவர் கையெழுத்திட்டுவிட்டால் மூன்று மாத வரம்பு அந்த இடத்திலேயே காலாவதியாகிறது. பத்திரத்தைத் தயாரிப்பவர் உரிமையாளர். இடம் தேடி அலைபவருக்குப் பேரம் பேசும் வலு கிடையாது. ஆகவே, யாரைக் காக்க இந்த வரம்பு எழுதப்பட்டதோ அவர்களைக் கொண்டே அதைக் கைவிடச் செய்யும் ஏற்பாடாக இந்த விலக்கு ஆகிவிட்டது.

ஒன்றிய அமைச்சரவை 2021 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டத்தில், குடியிருப்புகளுக்கான வைப்புத்தொகை இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்று உள்ளது. ஒப்பந்தத்தின் பெயரால் அதை மீற வழி வைக்கப்படவில்லை. தமிழ்நாடு இரண்டு மாதத்துக்கு இறங்க வேண்டும் என்றுகூட இச்சங்கம் கேட்கவில்லை. 11ஆவது பிரிவிலுள்ள விலக்கை மட்டும் நீக்கி, மூன்று மாதம் என்பதை மீற முடியாத உச்சவரம்பாக ஆக்க வேண்டும் என்பதே முதன்மைக் கோரிக்கை. அவ்வாறு செய்தால் மேலே சொன்ன உதாரணத்தில் 1,44,000 ரூபாய் 60,000 ரூபாயாகக் குறையும். கருவூலத்துக்கு இதில் ஒரு பைசா செலவில்லை.

அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கும் நாளிலும் பிரச்சினை உண்டு. எத்தனை ஆண்டுகள் உரிமையாளரிடம் இருந்தாலும் அந்தத் தொகைக்கு வட்டி கிடையாது. காலி செய்யும்போது 'பெயின்டிங்' என்று ஒரு மாத வாடகையைக் கழிப்பது, சுவரின் நிலை எப்படி இருந்தாலும், எழுதாத விதியாக நிலைத்துவிட்டது. அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க இந்தப் பணத்தையே நம்பியிருப்பவர், புதிதாக ஒருவர் குடிவந்து அட்வான்ஸ் தரும்வரை காத்திருக்கச் சொல்லப்படுகிறார். இயல்பான தேய்மானத்துக்குப் பணம் பிடிக்கக் கூடாது என்பதையும், ஒரு மாதத்துக்குள் தராத தொகைக்கு வட்டி உண்டு என்பதையும் விதிகளில் தெளிவாகச் சேர்க்க வேண்டும்.

உரிமையாளர்களின் தரப்பில் உள்ள நியாயத்தையும் இச்சங்கம் மறுக்கவில்லை. மாடியில் ஒரு போர்ஷன் கட்டி, அதன் வாடகையில் முதுமையைக் கழிப்பவர்கள் இந்நகரில் ஏராளம். பழைய 1960 சட்டத்தின் கீழ், வாடகைதாரர் வெளியேறாமல் வழக்கு பல ஆண்டுகள் இழுத்த அனுபவம் அவர்களிடம் அச்சத்தை விதைத்தது. பத்து மாத அட்வான்ஸ் அந்த அச்சத்தின் பிள்ளை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்திய நகரங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்ததற்கும் இத்தகைய அச்சம் ஒரு காரணம். வாடகை நின்றாலோ வீடு சேதமானாலோ வாடகை நீதிமன்றம் விரைவாகத் தீர்ப்பளிக்கும் என்ற நம்பிக்கை வந்தால்தான் உரிமையாளரின் பிடி தளரும். எனவே உச்சவரம்பைக் கட்டாயமாக்கும்போதே வாடகை நீதிமன்றங்களின் எண்ணிக்கையை உயர்த்துவதும் அவசியம். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் டு-லெட் போர்டுகள்தான் குறையும்.

அடுத்தது பதிவு. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது 2017 சட்டத்தின் அடிப்படை. நகரில் நடப்பது வேறு: முத்திரைத்தாளில் பதினொரு மாத ஒப்பந்தம், அதுவும் பல இடங்களில் ஒரே பிரதி, அதுவும் உரிமையாளரிடம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தவிர்க்கப் பிறந்த வழக்கம் இது. பதினொரு மாதமே ஆனாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பதைப் பலர் அறியவில்லை. அறிந்த உரிமையாளர்களிலும் வருமான வரிக்கு அஞ்சித் தவிர்ப்பவர் உண்டு. ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால், வீட்டு வாடகைப்படிக்கு வரிவிலக்குக் கோரும் ஊழியர் உரிமையாளரின் பான் எண்ணைத் தர வேண்டும்; மாதம் 12,000 ரூபாய் வாடகையே இந்த வரம்பைக் கடந்துவிடுகிறது. ரசீதும் பான் எண்ணும் கேட்பவருக்கு வீடு இல்லை என்ற பதில் சாதாரணமாக வருகிறது.

பதிவு செய்யாததன் விளைவு முழுவதும் வாடகைதாரர் தலையில் விழுவது 2017 சட்டத்தின் பெருங்குறை. எழுத்து ஒப்பந்தம் ஏற்படவில்லை என்பதையே காரணமாகக் காட்டி அவரை வெளியேற்றக் கோர உரிமையாளருக்கு 21ஆவது பிரிவு இடம் தருகிறது. ஒப்பந்தம் எழுத மறுத்தவரே அது இல்லாததன் பயனையும் பெறுவது முறையல்ல. வாடகைதாரர் தனியாக விண்ணப்பித்தாலும் அட்வான்ஸும் வாடகையும் செலுத்திய வங்கிக் கணக்கு, யுபிஐ பதிவுகளைச் சான்றாக ஏற்று வாடகைப் பதிவு எண் வழங்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரே வாடகை அதிகாரி என்று சட்டம் வைத்திருக்கிறது. சென்னை, தாம்பரம், ஆவடி ஆகிய மூன்று மாநகராட்சிப் பகுதிகளிலும் வேறு பொறுப்பு எதுவும் இல்லாத முழுநேர வாடகை அதிகாரிகளை நியமிக்க வேண்டும். பதிவுப் படிவத்தில் ஒரு வரியும் கூடுதலாகத் தேவை: 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் அந்த வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததா என்பது. வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் தரைத்தள வீட்டைக் குறைந்த வாடகைக்குப் பிடிக்கும் வெளியூர்க்காரருக்கு அந்தக் குறைவின் காரணம் முதல் வடகிழக்குப் பருவமழையில்தான் தெரியவருகிறது.

புரோக்கர் கமிஷன் எந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளும் இல்லை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யும் முகவர்கள் விற்பனைக்கு மட்டுமே உட்பட்டவர்கள். வாடகை முகவர்களுக்குப் பதிவும் கட்டண வரம்பும் தனியே வகுக்கப்பட வேண்டும்.

வாடகைக்கு மேல் கூடும் செலவுகளில் மின்சாரம் முதன்மையானது. வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லா மின்சாரம் 2016 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரே இணைப்பிலிருந்து சப்-மீட்டர் வைத்துப் பல குடித்தனங்களுக்கு மின்சாரம் தரும் கட்டடங்களில் இந்தச் சலுகை குடியிருப்பவரைச் சென்றடைவதில்லை. முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று உரிமையாளர் வைத்ததே விலை. மின்வாரியத்தின் கட்டணத்துக்கு மேல் வசூலிப்பதைக் குற்றமாக்க வேண்டும். தண்ணீரில் பழைய மாமல்லபுரம் சாலையின் நிலை தனித்துச் சொல்லத் தக்கது. தரமணி டைடல் பூங்கா 2000இல் திறக்கப்பட்டு, பெருங்குடி முதல் சிறுசேரி வரை அலுவலகங்கள் நிறைந்த பிறகும், அச்சாலையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கணிசமானவை லாரித் தண்ணீரையே நம்பியிருக்கின்றன. அந்தச் செலவு மெயின்டெனன்ஸ் என்ற பெயரில் வாடகைதாரரிடம் வருகிறது. 2019 கோடையில் சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லும் அளவுக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றியது. அச்சாலைக்கான குழாய்க் குடிநீர் பணிகளை விரைந்து முடிப்பதும் வாடகைக் குறைப்பு நடவடிக்கையே.

பணம் இருந்தும் வீடு மறுக்கப்படுவோர் உண்டு. 'குடும்பத்தினருக்கு மட்டும்', 'சைவம் மட்டும்' என்ற பலகைகள் வெளிப்படையானவை. தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் 'வீடு போய்விட்டது' என்று சொல்லப்படுவது, சொந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டுச் சாதியை அறிய முயல்வது ஆகியவை மறைவானவை. தலித்துகள், இஸ்லாமியர்கள், தனித்து வாழும் பெண்கள், திருநர்கள், வடமாநில, வடகிழக்கு மாநிலத் தொழிலாளர்கள் இதனால் கூடுதல் வாடகை கொடுத்தோ, தொலைவான பகுதிக்குச் சென்றோ குடியேற நேர்கிறது. சாதி, மதம், பாலினம், மணநிலை, உணவு ஆகியவற்றைக் காரணம் காட்டி வீடு மறுப்பதை 2017 சட்டம் தடை செய்யவில்லை. சமூகநீதியைப் பெருமையாகச் சொல்லும் மாநிலத்தின் சட்டத்தில் இந்த இடம் காலியாக இருக்கக் கூடாது. தடையும், மீறுவோருக்கு அபராதமும் சேர்க்கப்பட வேண்டும்.

வீடு கிடைக்கும்வரை தங்குவதற்கும், வீடே கட்டுப்படியாகாதவர்களுக்கும் விடுதிகளே வழி. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான விடுதிகளை 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. திருவல்லிக்கேணி மேன்ஷன்களோ, பழைய மாமல்லபுரம் சாலையின் ஆண்கள் விடுதிகளோ அதில் வரவில்லை. கழிப்பறை, தீயணைப்பு வசதி, ஓர் அறைக்கு எத்தனை பேர் என்ற வரம்பு ஆகியவை ஆண்களுக்கும் தேவை. தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் உள்ள அரசின் தோழி விடுதிகள் பணிபுரியும் பெண்களுக்கு நல்ல முன்மாதிரி. பெருங்குடி, சோழிங்கநல்லூர், அம்பத்தூர் போன்ற வேலையிடங்களின் அருகிலும் அவை வர வேண்டும். 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில்தான் தென்மாவட்டத்து இளைஞர்கள் பெட்டியோடு இறங்குகிறார்கள். அங்கு 30 நாள் வரை தங்கி வீடு தேடிக்கொள்ளும் குறைந்த கட்டண விடுதி ஒன்றை அரசு அமைத்தால், அவசரத்தில் கிடைத்த விலைக்கு வீடெடுக்கும் கட்டாயம் நீங்கும்.

புதிய வாடகைக் குடியிருப்புகளைக் கட்டாமல் வாடகை இறங்காது. அரசால் அது முடியும் என்பதற்குச் சான்று கண்ணெதிரே உள்ளது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 706.5 கோடி ரூபாயில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான சிப்காட் குடியிருப்பு 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. அளவிலும் வேகத்திலும் பாராட்டத்தக்க பணி. எனினும் நிறுவனத்தின் வழியாகவே இடம் கிடைப்பதால், வேலை போனால் படுக்கையும் போகும் இந்த ஏற்பாட்டில் தொழிலாளிக்குச் சுதந்திரம் குறைவு. ஆகவே அடுத்து வரும் குடியிருப்புகளில் ஒரு பகுதியையாவது எந்த நிறுவனத்தையும் சாராமல் தனிநபருக்கும் சிறு குடும்பத்துக்கும் நேரடியாக வாடகைக்கு விட வேண்டும். 2024இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வாடகைக் குடியிருப்புகளுக்கெனத் தனிப் பிரிவு உள்ளது. அந்நிதியைக் கேட்டுப் பெறலாம்.

இடம் எங்கே என்ற கேள்விக்கு மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் விடை தருகிறது. மாதவரம்–சிறுசேரி, கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி, மாதவரம்–சோழிங்கநல்லூர் என மூன்று வழித்தடங்கள். வாடகை குறைவான ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகரில் குடியிருப்போருக்குச் செங்கல்பட்டு மின்சார ரயில் உண்டு. ஆனால் பெரும்பகுதிக்கு ரயிலே இல்லாத பழைய மாமல்லபுரம் சாலைக்கு வேலைக்குச் செல்பவர் அங்கேயே கூடுதல் வாடகை கொடுக்கிறார் அல்லது பேருந்தில் நாளைத் தொலைக்கிறார். மெட்ரோ ஓடத் தொடங்கியதும் நிலையங்களைச் சுற்றி வாடகை ஏறும். அதற்கு முன்பே வீட்டுவசதி வாரியம் நிலையங்களின் அருகிலுள்ள அரசு நிலங்களை அடையாளம் கண்டு, சிறிய வாடகை வீடுகளுக்கென ஒதுக்கிவைக்க வேண்டும். நிலம் விற்றுப்போன பின் எந்தத் திட்டமும் பயன்படாது.

இவற்றில் கட்டுமானத்துக்கு ஆண்டுகள் ஆகும். முழுநேர அலுவலர் நியமனத்துக்கு மாதங்கள் ஆகலாம். 11ஆவது பிரிவின் விலக்கை நீக்க ஒரு திருத்த மசோதா போதும். அதை அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே கொண்டுவர வேண்டும் எனவும், அதுவரை கூட்டுறவு வங்கிகள் வழியாக அட்வான்ஸ் தொகைக்கு வட்டியில்லாக் கடன் வழங்க ஆணையிட வேண்டும் எனவும் இச்சங்கம் அரசைக் கேட்டுக்கொள்கிறது.