பதினான்காம் நாள் எப்போது வரும்?

போன வாரம் மங்கலம்பேட்டை டீக்கடையில் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "நட்டஈடு கேக்கிற கரும்புக்காரங்களுக்கு வேற வேலை இல்லப்பா. ஆலை நொடிச்சுப்போனா அது தொழில் நட்டம். அதுக்கெல்லாம் அரசாங்கமா காசு கொடுக்கும்?" பெஞ்சில் இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். எனக்கு டீ இறங்கவில்லை.

ஐயா, உங்கள் பென்ஷன் ஒரு நாள் தள்ளிப்போனால் சும்மா இருப்பீர்களா? கரும்புக்கும் நாள் குறித்த சட்டம் இருக்கிறது. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு ஆலைக்குப் போன 14 நாளில் கிரயத்தைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. ஏ.சித்தூர் திருஆரூரான் ஆலைக்கும் பெண்ணாடம் பக்கத்து இறையூர் அம்பிகா ஆலைக்கும் ஏற்றியவர்களைக் கேளுங்கள். அவர்களுடைய 14 நாள் வருடக்கணக்கில் நீண்டது. இதுவா தொழில் நட்டம்? சரக்கை வாங்கிக்கொண்டு காசு தராததற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு.

வேறு ஆலைக்கு ஏற்றியிருக்கலாமே என்பார்கள். எந்த ஊர்க் கரும்பு எந்த ஆலைக்கு என்று எல்லை பிரித்தது அரசு. பதிவு செய்து, வெட்டு உத்தரவுக்குக் காத்துக்கிடந்து, வெட்டிய கரும்பு காய்ந்து எடை குறையுமுன் ஏற்றி அனுப்பியவன் விவசாயி. இந்த ஆலைக்குத்தான் கொடு என்று கட்டிப்போட்ட கை, 14ஆம் நாள் எங்கே போயிற்று?

வெட்டு மேஸ்திரியை யாரும் நினைப்பதே இல்லை. ஆட்களுக்குக் கைக்காசில் முன்பணம் கொடுத்தவர் அவர். தவணைக்கு டிராக்டர் வாங்கிக் கரும்பு அடித்தவரும் அப்படித்தான். ஆலை நின்றால் தவணை நிற்குமா?

திருஆரூரான் ஆலை நிறுவனம் திவால் தீர்ப்பாயத்துக்குப் போய்க் கைமாறியது. 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தில் வங்கிக்கு முன்வரிசை, கரும்பு கொடுத்தவனுக்குப் பின்வரிசை. தங்கள் பெயரில் ஆலை வாங்கிய வங்கிக் கடனைத் தீர்த்து வையுங்கள் என்று 2022 நவம்பரில் இதே நிறுவனத்தின் திருமண்டங்குடி ஆலை விவசாயிகள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். கொடுத்த கரும்புக்குக் காசு இல்லை, வாங்காத கடனுக்கு நோட்டீஸ். இதற்குமா பொறுத்துப்போக வேண்டும்?

உலகத்தில் எங்கேயும் இப்படி ஈடு கொடுப்பதில்லை என்பது இன்னொரு பிதற்றல். 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரைத் தொழிலைச் சுருக்கியபோது, ஆலையை மூடக் கொடுத்த உதவித்தொகையில் குறைந்தது 10 சதவீதத்தைச் சர்க்கரைக்கிழங்கு பயிரிட்டவர்களுக்கும் இயந்திர ஒப்பந்ததாரர்களுக்கும் ஒதுக்கச் சட்டம் எழுதியது. நம் வெட்டு மேஸ்திரிக்கு எந்தச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது?

நம் மாவட்டத்தில் விவசாயி என்றாலே இளக்காரம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நிலக்கரிச் சுரங்கத்துக்காக வாய்க்கால் வெட்டப் பச்சை நெற்பயிருக்குள் இயந்திரத்தை இறக்கினார்கள். அன்றும் இதே பெஞ்சில், "அதான் காசு கொடுத்துட்டாங்களே" என்றார்கள். கதிர் வரும் வரைக்கும் பொறுக்க முடியாதவர்கள், கரும்புப் பணத்துக்கு மட்டும் எங்களைப் பொறுக்கச் சொல்கிறார்கள்.

நட்டஈடு என்ற சொல்லையே விட்டுவிடுங்கள் ஐயா. ஏற்றிய கரும்புக்குக் கிரயம், வெட்டிய கைக்குக் கூலி, ஓடிய வண்டிக்கு வாடகை. பதினைந்தாம் நாளிலிருந்து 15 சதவீத வட்டி. இதில் எது பிச்சை?