நந்திக்கு மாலை, நாய்க்குக் கல், மருந்து போடுகிறவனுக்கு?

திருவண்ணாமலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் நம்மிடம் மலையின் மகிமையைச் சொல்லுவார்கள். கோபுரத்தின் உயரத்தைச் சொல்லுவார்கள். கார்த்திகைத் தீபம் எத்தனை ஊருக்குத் தெரிந்தது என்று கணக்குச் சொல்லுவார்கள். அந்த ஊரிலேயே செங்கம் சாலையில், அடிபட்ட நாய்க்கும் மாட்டுக்கும் வைத்தியம் செய்கிற மிருகக் காப்பகம் ஒன்று இருக்கிறது என்பதை அவர்களில் ஒருவராவது நம்மிடம் சொன்னதில்லை. அது 2007-ஆம் வருஷ வாக்கில் ஏற்பட்டது. ஏற்படுத்தியவர் மடாதிபதியா, ஜமீன்தாரா, பரம்பரைத் தர்மகர்த்தாவா என்றால் ஒருவருமில்லை. அமெரிக்காவிலிருந்து வந்து தங்கிய ஒருவர். எல்லா ஜீவனிலும் சிவனைக் காண்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஊரில், கால் ஒடிந்த நாயைத் தூக்கிக் கட்டுப்போடுவதற்குக் கடலுக்கு அப்பாலிருந்து ஓர் ஆள் வர வேண்டியிருந்தது. நிற்க.

நாம் இன்று எழுத வந்தது அந்த அமெரிக்கரைப் பற்றியல்ல. பட்டம் பெற்ற மிருக வைத்தியரைப் பற்றியுமல்ல. இம்மாதிரிக் காப்பகங்களில் வைத்தியருக்குப் பக்கத்தில் நின்று மிருகத்தைப் பிடிக்கிற, கழுவுகிற, கட்டுப்போடுகிற உதவியாளர்களைப் பற்றியே எழுதுகின்றோம். ஊர் இவர்களுக்கு வைத்திருக்கிற பெயர் "நாய் ஆஸ்பத்திரிப் பையன்" என்பதாகும். ஐம்பது வயதானாலும் பையன்தான்!

இந்தப் பையனுடைய வேலை என்ன? பொழுது விடிந்ததும் கூண்டுகளைக் கழுவ வேண்டும். கழுவும்போதே, எந்த நாய் இராத்திரி வைத்த சோற்றைத் தின்னவில்லை, எதன் மலத்தில் இரத்தம் இருக்கிறது, எது மூலையில் சுருண்டு கிடக்கிறது என்று பார்த்து வைத்தியரிடம் சொல்ல வேண்டும். குட்டி நாய் இரத்தமாய்க் கழிந்தால் அது பார்வோ என்னும் தொத்து நோயாயிருக்கும். அதை அந்தக் கணமே வேறாகப் பிரித்து வைக்காவிட்டால் இருக்கிற குட்டிகளெல்லாம் போய்விடும். ஊசி போடும்போது நாயின் வாயை நாடாவால் கட்டி, முன்னங்காலை நீட்டிப் பிடித்து, கட்டைவிரலால் அழுத்தி இரத்தக் குழாயைப் புடைக்கச் செய்து கொடுக்க வேண்டும். பிடி தளர்ந்தால் ஊசி தவறும். இறுகினால் ஜீவன் மூச்சுத் திணறும். கத்தரி, இடுக்கி முதலிய ஆயுதங்களைக் கிருமி இல்லாமல் சுத்தம் செய்து வைக்க வேண்டும். ஆப்பரேஷனான நாய் மயக்கம் தெளிகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் மந்திரமுமில்லை, முகூர்த்தமுமில்லை. கையும் கண்ணும் பழகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

புழு வைத்த புண்ணை நம்மில் எத்தனை பேர் கிட்டப் போய்ப் பார்த்திருப்போம்? மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த தெருவழியாய்ப் போயிருப்போம். ஈ வந்து புண்ணில் முட்டையிட, ஒரு நாளைக்குள்ளே அது பொரிந்து, புழு சதையைக் குடைந்துகொண்டு உள்ளே போகும். காதிலும் கழுத்திலும் குடைந்த குழிக்குள்ளே ஒரு கை போகுமளவுக்குப் பொந்து விழுந்த மாடுகளுண்டு. அந்தப் பொந்தில் மருந்தை விட்டு, வெளியே வருகிற புழுவை இடுக்கியால் ஒவ்வொன்றாய் எடுக்கிறவன் இந்தப் பையன். புழுவை வெளியேற்ற இந்நாட்டு மிருக வைத்தியத்தில் வெகு காலமாய் வழங்கி வருகிற மருந்துகளில் ஒன்று, கற்பூரத்தை டர்பென்டைன் எண்ணெயில் கரைத்தது. திருவண்ணாமலையில் ஒரு பௌர்ணமி இராத்திரியில் எரிகிற கற்பூரத்தில் எத்தனை மாட்டின் புண் ஆறும் என்று நாம் கணக்குப் பார்க்கப் போவதில்லை. பார்த்தால் நம்மை நாஸ்திகர் என்பார்கள். அது நமக்குப் புதிதல்ல என்றாலும் இன்றைக்கு நேரமில்லை.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. ஒரு நாய் கீழ்த் தாடை தொங்கி, எச்சில் ஒழுக, விழுங்கமுடியாமல் தவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்க்கிறவன் இரக்கமுள்ளவனானால், "பாவம், தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது" என்று வாயைத் திறந்து கையை விடுவான். வெறி என்றால் எதிரில் கண்டதையெல்லாம் கடிப்பதுதான் என்று எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு, சத்தமில்லாமல் தாடை தொங்கிக் கிடப்பதும் அதே வெறிதான் என்பது தெரியாது. பழகின உதவியாளன் கையை விடமாட்டான். குரல் மாறியிருக்கிறதா, பின்னங்கால் தள்ளாடுகிறதா என்று பார்ப்பான். தனியே அடைத்து வைத்தியருக்குச் சொல்லுவான். அவன் பார்த்த ஒரு பார்வையில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பது ஊருக்குத் தெரியவே தெரியாது. ஆபத்து வந்து தீர்ந்தால் சாமி தீர்த்தது என்பார்கள். வராமலே தடுத்தவனுக்கு நன்றி சொல்ல யாருக்குத் தோன்றும்?

வெறிநாய்க் கடிக்கு நம் ஜனங்கள் செய்து வந்த வைத்தியத்தைச் சொன்னால் வெட்கமாயிருக்கிறது. புண்ணில் மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, வேப்பிலை மந்திரிப்பு, தாயத்து! பிரான்சு தேசத்தில் பாஸ்டர் என்பவர் 1885-ல் கடிபட்ட ஒரு பையனுக்கு ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். நம் பக்கத்தில் 1907-ல் குன்னூரில் அவர் பெயரால் ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டு, மருந்து செய்யத் தொடங்கிற்று. வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று ஊரே பயந்து நடுங்கிய பழைய மருந்தும் இந்த நாட்டில் 2004-ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தப்பட்டு, இப்போது புயத்தில் சில ஊசிகளோடு காரியம் முடிகிறது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் போடுகிறார்கள். இருந்தும் கடிவாயைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவு, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு என்றால், "பூசாரியைப் பார்த்துவிட்டுப் போகிறேன்" என்கிறான். கிருமியோ நரம்பு வழியாக மூளைக்கு நடந்துகொண்டிருக்கிறது. அது மூளைக்குப் போய்ச் சேர்ந்து நோய் தலைகாட்டிய பிறகு, பூசாரியும் ஒன்றுதான், பெரிய டாக்டரும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்தக் கிருமியோடு தினமும் கைகலக்கிறவனுக்கு ஊர் கொடுக்கிற மரியாதையைக் கேளுங்கள். ஒரு சாயங்காலம் கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு டீக்கடையில் நாம் உட்கார்ந்திருந்தபோது, இந்த வேலை பார்க்கிற ஒருவர் வந்து டீ கேட்டார். பெஞ்சியிலிருந்த பெரியவர் ஒருவர், நெற்றி நிறைய விபூதி, "யேம்ப்பா, நாய் தொட்ட கையோட வரியே, அப்பிடி தள்ளி நில்லு" என்றார். அவரும் பதில் பேசாமல் தள்ளி நின்றார், பழக்கம் போலும். "வீடு குடுக்க மாட்டேங்கிறாங்க ஐயா, நாய் நாத்தம் வருமாம். பொண்ணும் குடுக்க யோசிக்கிறாங்க" என்று பிறகு நம்மிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம்கூட வரவில்லை. நமக்குத்தான் வந்தது.

தள்ளி நில் என்ற வார்த்தை நாயிடமிருந்து பிறந்ததல்ல என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செத்த மாட்டை எடுக்க ஒரு ஜாதி, தோலை உரிக்க ஒரு ஜாதி, மலத்தை அள்ள ஒரு ஜாதி என்று வகுத்துவிட்டு, அந்த மாட்டின் பாலும் தயிரும் நெய்யும் மட்டும் தன் வீட்டுக்கு வரும்படி செய்துகொண்ட ஏற்பாட்டில்தான் அது பிறந்தது. உயிரோடிருக்கிற மாடு கோமாதா; அது நோயில் விழுந்தால் தொடுகிறவன் கீழானவன்! பைரவருக்கு நாய் வாகனம், அவருக்கு வடைமாலை. அதே நாய் வாசலில் நின்றால் கல், மனிதனைத் திட்டவும் அதன் பெயர். சிவனுக்கு முன்னால் கல்லாய் உட்கார்ந்த நந்திக்குப் பிரதோஷ அபிஷேகம். வண்டி மோதி இடுப்பொடிந்த நந்திக்கு யார் என்று கேட்டால் பதிலில்லை.

திருவண்ணாமலைக் கோயிலில் ருக்கு என்று ஒரு யானை இருந்தது. 2018 மார்ச்சு 22-ந் தேதி அது இறந்தது. நாய்களின் சச்சரவைக் கேட்டு மிரண்டு ஓடி இடித்துக்கொண்டு விழுந்தது என்று பத்திரிகைகள் எழுதின. ஊரே திரண்டு வந்து மாலை போட்டு அழுதது. அந்த அழுகை பொய் என்று நாம் சொல்ல மாட்டோம். பழகின ஜீவன் போனால் யாருக்கும் துக்கந்தான். ஆனால் மாலை வாங்கிய பணத்தில் பாதியாவது தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து வெறிநோய் ஊசி போடுவதற்குப் போயிருக்க வேண்டாமா? துக்கம் வந்தால் பூக்கடைக்குத்தான் போகத் தெரிகிறது.

இன்னொன்று. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கில் ஜனங்கள் நடக்கிறார்கள், வழிநெடுக அன்னதானம். தின்றவர் கையிலிருந்த பை, உறை, தட்டு அத்தனையும் பாதையோரத்தில். சர்க்கார் 2019 சனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை போட்டெறியும் பிளாஸ்டிக்கைத் தடுத்திருக்கிறது. மாட்டுக்கு அந்த உத்தரவு தெரியாது, மனிதனுக்குத் தெரிந்தும் பயனில்லை. சோற்று வாசனைக்குப் பையோடு விழுங்கிய மாட்டுக்கு அது செரிக்கவும் செரிக்காது, வெளியேயும் வராது. வருஷக்கணக்காய் முதல் இரைப்பையில் கட்டியாய்த் திரளும். வயிறு உப்பி, அசைபோடுவது நின்று, மாடு படுத்துவிடும். பிறகு இடது விலாவைக் கீறி, வைத்தியர் தோள்வரை கையை விட்டு வாரி வாரி எடுத்துப் போட, உதவியாளன் கூடையில் வாங்கிக் கொட்டுவான். நாறிப்போன அந்தக் கூடையில் இருப்பது புண்ணியவான்களின் புண்ணியமன்றி வேறென்ன?

நம் தோழர்களிலேயே சிலர் கேட்கக் கூடும்: "மனிதன் பட்டினி கிடக்கிற நாட்டில் நாய்க்கு ஆஸ்பத்திரியா?" நியாயமான கேள்விதான். ஆனால் வெறிநாய் யாரைக் கடிக்கிறது? மாடி வீட்டுக்காரரையா? தெருவில் விளையாடுகிற கூலிக்காரர் பிள்ளையை, விடியலில் காட்டுக்குப் போகிற கிழவியை, இரவில் வேலை முடிந்து சைக்கிளில் வருகிறவனைத்தான் கடிக்கிறது. காப்பகத்து வாசலில், "தம்பி, இந்த ஆட்டுக் குட்டிய கொஞ்சம் பாருப்பா, அதுதான் எனக்கு ஆஸ்தி" என்று மடியில் போட்டுக்கொண்டு நிற்கிற விதவைக்கு அந்தக் குட்டி என்பது நாலு மாதச் சாப்பாடு. மிருக வைத்தியம் ஏழையின் சொத்துக்கு வைத்தியம். மிராசுதாரர் மாட்டுக்கு வைத்தியர் வீட்டுக்கே வருவார்.

"நாயையெல்லாம் கொன்றுவிட்டால் என்ன?" என்பவர்களும் உண்டு. சென்னைப் பட்டணத்தில் வெகு காலம் பிடித்துப் பிடித்துக் கொன்றுதான் பார்த்தார்கள், நாய் குறைந்தபாடில்லை. எச்சில் குவியல் இருக்கிற வரையில், ஒரு தெரு காலியானால் அடுத்த தெருவிலிருந்து வந்து சேருகிறது. 1959-ல் அங்கே ஏற்பட்ட புளூ கிராஸ் சங்கத்தார் விடாமல் கேட்டதன் பேரில், நகரசபையார் 1996-ல் கொல்வதைவிட்டுக் கருத்தடைக்கு வந்தார்கள். பிறகு 2001-ல் இந்தியா முழுவதற்கும் விதி வந்தது; 2023-ல் அதைத் திருத்தி எழுதினார்கள். நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டால் அந்த ஊரில் வெறிநோய் பரவுவது அற்றுப்போகும் என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தாரின் கணக்கு. சுப்ரீம் கோர்ட்டார் 2025 ஆகஸ்டில் டில்லி நாய்களைப் பற்றித் தீர்ப்பைத் திருத்திச் சொன்னபோதும், வெறியுள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் தவிர மற்றவற்றை ஊசி போட்டுக் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னார்கள். கோர்ட்டார் ஒரு வரி எழுதிவிடலாம். அந்த ஒவ்வொரு நாயையும் வலையில் பிடிக்க, மயக்கம் தெளிய வைக்க, தையல் ஆறுகிறவரை பார்க்க, காதில் அடையாளம் வெட்டின நாயைப் பிடித்த தெருவிலேயே கொண்டுபோய் விட ஆள் வேண்டுமே! எழுபது என்ற அந்த எண் இந்தப் பையன்களின் கையில் இருக்கிறது.

இதில் பிஸ்கோத்து தர்மவான்கள் ஒரு தனி ரகம். தினம் பத்து நாய்க்கு பிஸ்கோத்துப் போட்டுச் சனி தோஷம் கழித்துக்கொள்வார்கள். ஊசி போடப் பிடிக்க வந்தால் "வாயில்லா ஜீவனைத் துன்பப்படுத்தாதே" என்று வலையைப் பிடுங்குவார்கள். பிடிக்கிறவன் கடிபட்டால் அது மட்டும் அவன் கர்மம்.

நம் கருத்து இது: 1984-ஆம் வருஷத்து மிருக வைத்தியச் சட்டப்படி நோயறிந்து வைத்தியம் செய்யும் பொறுப்பு பதிவு பெற்ற வைத்தியருடையது; உதவியாளர் சில்லறைச் சிகிச்சைகளை அவர் மேற்பார்வையில்தான் செய்யலாம். அது சரியே. ஆனால் காப்பகங்களில் வேலை பார்க்கும் அநேகருக்குப் படிப்பும் கிடையாது, சான்றும் கிடையாது. பார்த்துப் பார்த்துக் கற்றதே. பத்து வருஷம் வேலை பார்த்தவனுக்கும் நேற்று வந்தவனுக்கும் ஒரே கூலி என்றால் யார் நிலைத்திருப்பான்? மாவட்டந்தோறும் இருக்கிற கால்நடை ஆஸ்பத்திரிகளில் இவர்களுக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்து ஒரு சான்று கொடுப்பதில் சர்க்காருக்கு என்ன நஷ்டம்?

அதற்கும் முன்னால் ஒரு காரியம். நாயோடு வேலை செய்கிறவன் கடிபடுவதற்கு முன்னமேயே போட்டுக்கொள்ள வேண்டிய ஊசி இருக்கிறது, மூன்று முறை. போட்டவன் பிறகு கடிபட்டாலும் இரண்டு ஊசியோடு தப்புவான். கடிவாயில் போடுகிற விலையுயர்ந்த சீரமும் அவனுக்கு வேண்டியதில்லை. இதைப் போடாமலே ஆளை வேலைக்கு வைத்துக்கொள்கிற இடங்கள் இருக்கின்றன. கேட்டால், "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார்கள்.

மலைமேல் தீபத்துக்கு மூவாயிரம் கிலோவுக்கு மேல் நெய் போகிறது. அதை நிறுத்தச் சொல்லி இன்று நாம் கேட்கவில்லை, கேட்டு அலுத்துவிட்டது. கோயிலாரும் நகராட்சியாரும் அடுத்த தீபத்துக்குள், அந்த ஊரில் நாய்க்கும் மாட்டுக்கும் ஊழியம் செய்கிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, புயத்தைக் காட்டச் சொல்லி, மூன்று ஊசி போட்டு அனுப்பட்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையை நமக்கு எழுதினால் இந்தப் பத்திரிகையிலேயே வெளியிடுகின்றோம்.